பின்வாங்கிய மணிக்கூடு

பூமியின் சுழற்சி என்றும் ஒரே சீராக இருப்பதில்லை. அதனோடு அணு மணிக்கூட்டை இணக்குதற்பொருட்டு, 1972 முதல் 2016 வரை 27 மிகைச் செக்கன்கள் உலக நேரத்திற் சேர்க்கப்பட்டன. அவற்றுள் இறுதியானது 2016 டிசெம்பர் 31 ஆம் நாள் முடிவிற் சேர்ந்தது. அவ்வேளை பல கணினிகளின் மணிக்கூடுகள் ஒரு செக்கன் பின்வாங்கின.

இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் மென்பொருள், விடை வந்த நேரத்திலிருந்து வினா அனுப்பிய நேரத்தைக் கழித்தது. கிடைத்ததோ எதிர்மறை எண். வினாவிற்கு முன்னரே விடை வந்துவிட்டதாகக் கணக்கு! அவ்வெண்ணை எதிர்பாராத மென்பொருள் சில கணினிகளில் நிலைகுலைந்தது. சில மணி நேரத்தில் அது சீர்செய்யப்பட்டது.

பாதுகாப்பான இணைப்புகளுக்கும் இவ்விடர் உண்டு. மறைமொழியில் உரையாடும் கணினிகள், மறுமொழிக்குக் காத்திருக்கத் தவணை குறித்துக்கொள்கின்றன. மணிக்கூடு முன்னே தாவினால், நல்ல இணைப்பும் தவணை கடந்ததெனத் துண்டிக்கப்படும். பின்னே தாவினால், அற்றுப்போன இணைப்பிற்காகக் காத்திருத்தல் நீளும்.

இதற்குப் பரிகாரம் இரு மணிக்கூடுகளே. ஒன்று நாளையும் நேரத்தையும் கூறுவது. சான்றிதழ் காலாவதியாயிற்றா என அறிய அதுவே வேண்டும். மற்றையது, எவர் திருத்தினும் பின்வாங்காது, கழிந்த செக்கன்களை மட்டும் எண்ணுவது. தவணைக்கு உரியது அதுவே. அந்நிறுவனத்தின் மென்பொருள் எழுதப்பெற்ற ‘கோ’ என்னும் கணினிமொழியும் 2017 இல் இவ்வழியை மேற்கொண்டது.

நேரத்தைக் கூறுதல் வேறு. காலத்தை அளத்தல் வேறு. ஒரு செக்கன் புகட்டிய பாடம் இது.