உயிர்க்காற்றின் கதை – 4: புதினா தோற்றபோது

சென்ற வாரம் ஜோசப் பிரீஸ்ட்லியின் கையில் எரியும் மெழுகுவர்த்தியைக் கொடுத்துவிட்டு நிறுத்தியிருந்தோம். இடம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம். நாள், 1771 ஆகஸ்ட் 27. பத்து நாள்களுக்கு முன்பு, 17ஆம் தேதி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றுக்குள் ஒரு புதினாக் கொத்தை வைத்து அடைத்திருந்தார் அந்தப் போதகர். ஜாடியின் வாயைத் தண்ணீர் அடைத்திருந்ததால் வெளிக்காற்று உள்ளே புக வழியில்லை. இப்போது அதே காற்றுக்குள் இன்னொரு சுடரை நுழைக்கிறார்.

சுடர் அணையவில்லை. தெருவில் வீசும் காற்றில் எரிவதுபோலவே நிமிர்ந்து எரிந்தது.

பிரீஸ்ட்லி அவசரப்பட்டு முடிவுக்கு வருகிறவர் அல்லர். கெட்ட காற்றை இரண்டு பங்காக்கினார். ஒன்றில் செடியை வைத்தார். மற்றதை அதே தண்ணீரின் மேல் செடியில்லாமல் விட்டார். செடி இருந்த பங்கில் சுடர் எரிந்தது, மற்றதில் அணைந்தது. ஆக, காற்றைச் சீராக்கியது தண்ணீர் அல்ல, செடிதான். எலிகளை வைத்தும் சோதித்தார். மூச்சுவிட்டு எலிகள் கெடுத்த காற்றையும் செடி மீட்டுக் கொடுத்தது.

செய்தி லண்டனை எட்டியது. பெஞ்சமின் பிராங்க்ளின், வீட்டருகே நிற்கும் மரங்களை வெட்டித் தள்ளும் வழக்கத்துக்கு இது முடிவு கட்டட்டும் என்று பிரீஸ்ட்லிக்குக் கடிதம் எழுதினார். 1773இல் ராயல் சொசைட்டி தன் உயரிய கௌரவமான காப்ளி பதக்கத்தை வழங்கியது. விழாவில் சொசைட்டியின் தலைவர் சர் ஜான் பிரிங்கிள் ஆற்றிய உரை அந்தக் காலத்து மனிதர்களுக்குப் பெரிய ஆறுதல். உலகில் வீணாக வளரும் செடி என்று எதுவும் இல்லை, நச்சுச் செடியும்கூட நமக்காகக் காற்றைத் தூய்மையாக்குகிறது, யாரும் போகாத காடுகளும் நமக்காகவே உழைக்கின்றன என்பது அதன் சாரம். ஒவ்வொரு மனிதனும் ஒவ்வொரு விலங்கும் ஒவ்வோர் அடுப்பும் இரவு பகலாகக் காற்றைக் கெடுத்துக்கொண்டிருக்க, உலகம் ஏன் இன்னும் மூச்சுத் திணறிச் சாகவில்லை? அந்தப் பழைய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையின் அடித்தளம்தான் இந்த வாரம் ஆட்டம் காணப்போகிறது.

* * *

முதல் அடி ஸ்வீடனிலிருந்து விழுந்தது. மருந்துக் கடைக்காரரான கார்ல் வில்ஹெல்ம் ஷீலேயும் தாவரங்களை அடைத்த காற்றில் வைத்துப் பார்த்திருந்தார். அவரிடம் காற்று சீராகவில்லை, இன்னும் கெட்டது. ஷீலே சாமானியர் அல்லர். பிரீஸ்ட்லிக்கு முன்பே ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தவர். 1777இல்தான் நூல் வெளிவந்தது என்பதால் பெயர் பின்தங்கிப்போனவர். அப்படிப்பட்டவர் சோதனையில் கவனக்குறைவாக இருந்திருப்பார் என்று யாரால் சொல்ல முடியும்?

இரண்டாவது அடி பிரீஸ்ட்லியின் சொந்த மேசையிலிருந்தே வந்தது. 1773இல் லீட்ஸை விட்டு, ஷெல்பர்ன் பிரபுவின் ஆதரவில் கால்ன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்திருந்த அவர், 1778இல் பழைய சோதனைகளைத் திரும்பச் செய்தார். சில ஜாடிகளில் காற்று சீரானது. பலவற்றில் கெட்டது. மொத்தத்தில் முடிவு அவருக்குச் சாதகமாக இல்லை.

பதக்கம் வாங்கிக்கொடுத்த சோதனை கைவிடும்போது ஒரு மனிதர் என்ன செய்வார்? பிரீஸ்ட்லி அதையும் அச்சில் ஏற்றினார். அறிவியல் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் இது ஒன்று. 1771இல் எரிந்த சுடர் பொய்யில்லை. 1778இல் கெட்ட காற்றும் பொய்யில்லை. ஷீலேயின் முடிவும் பொய்யில்லை. மூன்றுமே உண்மையென்றால், யாரும் குறித்துவைக்காத ஏதோ ஒன்று அந்த ஜாடிகளுக்குள் புகுந்திருக்க வேண்டும். தண்ணீரைத் தாண்டி, கண்ணாடியைத் தாண்டி, உள்ளே போகக்கூடிய ஏதோ ஒன்று!

* * *

இங்கேதான் நம் கதைக்குள் ஒரு புதிய மனிதர் வருகிறார். யான் இங்கன்ஹவுஸ், ஹாலந்தின் பிரேடா ஊர்க்காரர், மருத்துவர். சிறுவனாக இருந்தபோதே பிரிங்கிளை அறிந்தவர். பிரிட்டிஷ் படையின் மருத்துவராக அந்தப் பக்கம் வந்திருந்தார் பிரிங்கிள். இங்கன்ஹவுஸின் பெயர் ஐரோப்பாவெங்கும் தெரிந்தது அம்மை நோயால். 1767இல் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவையே பெரியம்மை படுக்கையில் தள்ளியது. மறு ஆண்டு வியன்னாவுக்கு அழைக்கப்பட்ட இங்கன்ஹவுஸ், அரச குடும்பத்துக்கு அம்மைப்பால் குத்தி வெற்றி கண்டார். அரசவை மருத்துவர் பதவியும் வாழ்நாள் வருமானமும் கிடைத்தன. அதன்பின் பிழைப்புக்காக ஓட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. ஆனால் பிரிங்கிளின் 1773 உரையைப் படித்ததிலிருந்து, செடியும் காற்றும் பற்றிய எண்ணம் அவரை விடவில்லை.

1779 கோடையில் லண்டனுக்கு அருகே சவுத்தாலில் ஒரு மாளிகையை வாடகைக்கு எடுத்தார். சுமார் மூன்று மாதங்களில் 500க்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்தார்.

அவர் தேர்ந்துகொண்ட வழி எளிது. ஜாடி நிறையத் தண்ணீர், அதற்குள் பச்சை இலைகள். கவிழ்த்து வெயிலில் வைத்தால் இலைகளின் மேல் குமிழ்கள் திரளும். பிறகு அவை உயர்ந்து, ஜாடியின் உச்சியில் காற்றாகச் சேரும். இந்தக் குமிழ்களை முதலில் கண்டவர் அவர் இல்லை. ஜெனிவாவின் சார்ல் போனே 1754இலேயே கண்டு எழுதியிருந்தார். தண்ணீரில் கரைந்த காற்றுதான் இலையில் ஒட்டி வெளிவருகிறது என்று விட்டுவிட்டார். குமிழுக்குள் இருக்கும் காற்று எப்படிப்பட்டது என்று கேட்டவர் இங்கன்ஹவுஸ்.

காற்றின் தரத்தை அளக்க அப்போது ஒரு வழி இருந்தது. செம்பு போன்ற உலோகத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் நிறமில்லாத ஒரு வாயு வரும். நல்ல காற்றோடு அதைக் கலந்தால் செம்பழுப்பாக மாறித் தண்ணீரில் கரைந்துவிடும். மொத்தக் கொள்ளளவு சுருங்கும். எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு நல்ல காற்று. இந்த முறையைக் கண்டவர் பிரீஸ்ட்லி. இத்தாலியரான பொன்டானா அதைத் துல்லியமாக்கினார். அந்த முறையில்தான் இங்கன்ஹவுஸ் தன் குமிழ்களை அளந்தார்.

வெயிலில் நின்ற இலைகளின் காற்று, வெளிக்காற்றை விடச் சிறந்ததாக இருந்தது. பிரீஸ்ட்லியின் புதினாவுக்குப் பத்து நாள் கொடுக்கப்பட்ட வேலையை, நல்ல வெயில் சில மணி நேரத்தில் முடித்துவைத்தது. நிழலில் வேலை குறைந்தது. வெப்பம் காரணமா என்று பார்த்தார். வெப்பத்தால் மட்டும் அது நடக்கவில்லை, வெளிச்சம் வேண்டும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே புகுந்த அந்த ஏதோ ஒன்று வெயில்தான். ஜன்னல் ஓரமாக நின்ற ஜாடி வென்றது. மூலையில் நின்ற ஜாடி தோற்றது.

ஒரு நாள் இரவு முழுக்க இருட்டில் வைத்த ஜாடியின் காற்றையும் அளந்தார். கெட்டிருந்தது. இன்னொரு செடி, இன்னோர் இரவு. அதுவும் கெட்டிருந்தது. வேர்களும் பூக்களும் பழங்களும் பகலிலேயே காற்றைக் கெடுத்தன. பச்சையாக இருக்கும் பகுதி மட்டுமே, வெளிச்சம் இருக்கும்போது மட்டுமே, காற்றைத் திருத்தியது.

இன்று இதன் காரணம் நமக்குத் தெரியும். நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காடு. விடும் மூச்சில் சுமார் 16. சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல்கூட நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டரை எடுத்துக்கொள்கிறது. அது நுரையீரலின் மெல்லிய சுவரைத் தாண்டி, ஹீமோகுளோபினில் ஏறி, ஒவ்வொரு செல்லுக்கும் போய், உணவிலிருந்து ஆற்றலை எடுக்க உதவி, கடைசியில் ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிடுகிறது. இலையின் செல்லும் இரவு பகல் பாராமல் இதையே செய்கிறது. பகலில் மட்டும் அதற்கு இன்னொரு வேலை உண்டு. அதன் வரவு இந்தச் செலவை மிஞ்சிவிடும். அந்த வரவு எதிலிருந்து பிறக்கிறது என்ற வழக்கு 1941 வரை இழுத்தது. அதை வேறொரு வாரம் பார்ப்போம்.

இங்கன்ஹவுஸும் கணக்குப் போட்டார். இரவின் கெடுதல் சிறிது, பகலின் கொடை மிகப் பெரிது என்று எழுதினார். 1779 முடிவதற்குள் நூல் லண்டனில் வெளிவந்தது. புதினாவின் புதிர் அவிழ்ந்தது, பெருமை இங்கன்ஹவுஸுக்கு.

ஆனால் அவர் சவுத்தாலுக்கு வருவதற்கு ஓராண்டு முன்பே, 1778 கோடையில், கால்னில் பிரீஸ்ட்லி ஒரு விநோதத்தைப் பார்த்திருந்தார். தண்ணீர் நிரப்பி வைத்திருந்த கண்ணாடிக் கலங்களின் உட்புறத்தில் ஏதோ பச்சையாகப் படிந்திருந்தது. வெயில் பட்டதும் அதிலிருந்து குமிழ்கள் கிளம்பின. அந்தக் காற்றைச் சோதித்தார். மிகத் தூய காற்று! அது செடியும் இல்லை, விலங்கும் இல்லை, தனியான ஏதோ ஒரு பொருள் என்று எழுதிவைத்தார்.

வேரில்லை, தண்டில்லை, இலையில்லை. பிறகு அந்தக் கலத்துக்குள் உயிர்க்காற்றைச் செய்தது யார்?

(தொடரும்)