பாயின்ட் போய் பெட்டி வந்தது

2025-இல் இன்ஸ்டாகிராம் புண்ணியத்தில் கூமாப்பட்டி என்ற ஊருக்குக் கார்கள் படையெடுத்தன. பிளவக்கல் அணைச் சாலையில் போன அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றில் பொறியின் டைமிங் வைக்கத் திருகுவதற்கு எதுவுமே கிடையாது.

அம்பாசிடர் காலத்தில் அது கைவேலை. இன்ஜினைக் கையால் சுற்றி கிராங்க் புல்லியின் குறியை நேருக்குக் கொண்டுவர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் வாய் திறக்கும்போது சோதனை பல்பு எரியும். அங்கேயே டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்க வேண்டும். பொறி முந்தினால் ஏற்றத்தில் இன்ஜின் தட்டும், பிந்தினால் சூடேறி இழுவை குறையும். பாயின்ட் தேயத் தேய டைமிங்கும் நகரும். மெக்கானிக்குக்கு அதனால் நஷ்டமில்லை!

1979-இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்த பாஷ் மோட்ரானிக், எரிபொருளையும் பொறியையும் ஒரே கணினிப் பெட்டியிடம் ஒப்படைத்தது. நம் ஊருக்கு அதைக் கொண்டுவந்தது புகைச் சட்டம்தான்: பாரத் ஸ்டேஜ் 2 சென்னைக்கு 2001-இல், நாடு முழுமைக்கும் 2005-இல்.

ஐட்லிங்கில் கணினி பொறியைச் சற்றுத் தாமதமாகவே வைத்திருக்கும். ஏசி போட்டதும் இன்ஜின் தொய்ந்தால் அடுத்த பொறியையே முன்னுக்குத் தள்ளும். காற்று வால்வு திறந்து மேனிஃபோல்டு நிரம்பும்வரை காத்திருக்க முடியாதே.

டிஸ்ட்ரிபியூட்டரும் கணினியும் சேர்ந்திருந்த தொடக்ககால எம்பிஎஃப்ஐ (பல முனை எரிபொருள் தெளிப்பு) கார்கள்தான் பழைய கைகளைக் குழப்பின. டைமிங் லைட்டில் குறி நிலைகொள்ளாமல் ஆடும். பல மாடல்களில் சோதனை முனையை எர்த்தோடு இணைத்து, கணினியின் கையைக் கட்டிய பிறகே டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட வேண்டும். இன்று ஸ்கேனரில் டிகிரியைப் பார்க்கலாம். ஐட்லிங் ஆடினால் முதலில் கழற்றித் துடைப்பது த்ராட்டில் பாடியைத்தான்.