காது கேளாத வெள்ளை

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா அடிபிடித்தால் சட்டியிலேயே தெரிந்துவிடும். பக்கத்து ராஜபாளையத்து நாய்க்குட்டியின் குறை அத்தனை சீக்கிரம் வெளிவராது.

பால்வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. வாங்குவோர் கேட்டதும், வளர்ப்போர் தலைமுறைகளாகத் தேர்ந்ததும் இதைத்தான். ஆனால் நிறமிச் செல்கள் உட்காதுக்கும் வேண்டும். அங்கே அவை இல்லாத குட்டிக்குக் காது கேட்காது. ஒரு காது மட்டும் பழுதென்றால் வளர்ப்பவருக்கே பிடிபடாது.

வீடியோ கேமிலும் அழகுதான் முதலில் விலைபோகிறது. மூன்று முறை தள்ளிப்போய், 2020 டிசம்பர் 10இல் வந்த ‘சைபர்பங்க் 2077’ விளம்பரத்தில் ஜொலித்தது. சோனியின் பிளேஸ்டேஷன் 4இல் திணறியது. சுமார் ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கியது. பின்னர் ‘பேட்ச்’ எனும் திருத்த நிரலை அனுப்பிச் சரிசெய்தார்கள்.

குட்டிக்குப் பேட்ச் கிடையாது. நன்றாகக் காது கேட்கும் ஜோடியாகப் பார்த்துச் சேர்த்து, அடுத்த ஈற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.