பேரேட்டில் பிறந்த நாட்குறிப்பு: ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய 25 ஆண்டுகள்

தினமும் எழுதினால் எழுதுகிறவருக்கு என்ன கிடைக்கும்? நிறைய நேயர்கள் கேட்ட கேள்வி இது. வரலாற்றிலிருந்து ஒரு பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் திருமுக்கூடல். வாலாஜாபாத் பக்கம், பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற ஊர். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. வேதம் படிக்கிற மாணவர்களுக்கு விடுதி, 15 படுக்கையோடு ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை. வைத்தியருக்கு எவ்வளவு நெல், அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மூலிகை கொண்டுவருபவருக்கு எவ்வளவு, என்னென்ன மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்று எல்லாமே எழுதியிருக்கிறது.

கொஞ்சம் தள்ளி உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடவோலைத் தேர்தல் விதிகளைச் சொல்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாதவர் மறுபடி போட்டியில் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடைதான்!

நம்ம ஊரில் எழுதுவது என்பது நெடுங்காலம் பெரும்பாலும் கணக்குதான். இன்றைக்கும் காஞ்சிபுரம் பக்கத்துத் தறி வீடுகளில் பட்டு எவ்வளவு வாங்கினோம், சரிகை எவ்வளவு, எத்தனை சேலை கொடுத்தோம் என்று நோட்டு இருக்கும். ஆனால் அதில் எழுதுகிறவரின் மனசு இருக்காது. மருந்துப் பட்டியலைக் கல்லில் வெட்டியவர் அன்றைக்கு என்ன நினைத்தார் என்று நமக்குத் தெரியவே தெரியாது.

அந்தக் கணக்கு மனசைத் தொட்ட இடம் புதுச்சேரி. ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்து பிரெஞ்சுக் கம்பெனியோடு வியாபாரம் செய்தார். மகனும் அதே வழிதான். 1736 செப்டம்பரில், 27 வயதில், எழுதத் தொடங்குகிறார். காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது, கப்பல் வந்தது, கப்பல் போனது, இதையெல்லாம் எழுதப்போவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை, கூடவே ஐரோப்பியத் தேதி. கிட்டத்தட்ட பேரேட்டின் தலைப்பு மாதிரியே இருக்கும். நடையும் இலக்கண நடை இல்லை. வியாபாரி பேசுகிற தமிழ், நடுவில் பிரெஞ்சு, பாரசீக, தெலுங்குச் சொற்கள்.

இது அவருக்கு என்ன தந்தது? முதல் பலன், தொழில் சார்ந்தது. 1742இல் துய்ப்ளெக்ஸ் கவர்னராக வருகிறார். பிள்ளை அவருக்கு நெருக்கமாகிறார். தலைமைத் துபாஷ் கனகராய முதலி 1746இல் இறந்ததும், அந்த இடத்துக்குப் போட்டி. இந்துவான பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று ஜெசூட் பாதிரிமார் தரப்பில் எதிர்ப்பு. கவர்னரின் மனைவியோடும் பிள்ளைக்கு ஒத்துப்போகவில்லை. 1747இல்தான் பதவி உறுதியாகிறது. துபாஷின் மூலதனமே ஞாபகம்தானே? நவாபின் ஆள் என்ன சொன்னான், கவர்னர் என்ன பதில் சொன்னார், எந்த வியாபாரி எவ்வளவு பாக்கி, இதெல்லாம் தப்பக் கூடாது. அந்த உரையாடல்களைக் கேள்வியும் பதிலுமாக எழுதி வைத்தார். இன்று சொன்னதை நாளை மறுக்கிற ஆட்களுக்கு நடுவில் வாழ்ந்தவருக்கு அது ஒரு கவசம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது பலன் இன்னும் ஆழமானது. 1748இல் ஆங்கிலேயப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டது. அந்த செப்டம்பரில், ஜெசூட்களின் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. உத்தரவு துய்ப்ளெக்ஸுடையது. பிள்ளையை உயர்த்தி வைத்தவரும் அதே துய்ப்ளெக்ஸ்தான். பிள்ளையால் தடுக்க முடியவில்லை. வெளியே பேசினால் பதவி போகும், அதற்கு மேலும் போகலாம். ஆனால் என்ன நடந்தது, யார் பின்னால் இருந்தார்கள், ஊர் ஜனங்கள் எப்படித் தவித்தார்கள், தன் மனசு எப்படி நொந்தது என்று நாட்குறிப்பில் எழுதினார். வாய் திறக்க முடியாதவருக்கு அந்தக் காகிதம் ஒன்றுதான் இருந்தது.

இங்கே ஒரு நவீன ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். தங்களைப் பாதித்த நிகழ்ச்சியையும் அது தந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவ மையத்துக்குப் போனார்கள். எழுதிய அன்றைக்கு மனசு கனத்துத்தான் போனது. பலன் பிறகுதான் தெரிந்தது. பின்னால் நடந்த ஆய்வுகள், பலன் உண்டு, ஆனால் சிறியது என்கின்றன. அதனால் எழுதினால் எல்லா நோயும் தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நடந்ததும் வேண்டும், உணர்ந்ததும் வேண்டும். பிள்ளையின் கோயில் குறிப்பில் இரண்டுமே இருக்கின்றன.

மூன்றாவது, சரிவிலும் கைவிடாத பழக்கம். 1754இல் துய்ப்ளெக்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். அடுத்த சில ஆண்டுகளில் பிள்ளையின் பதவியும் போனது. கடன், உடல்நலக் குறைவு, மறுபடியும் போர். நாட்குறிப்பு நிற்கவில்லை. 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாள் முன்பு அவர் இறந்தார். குறிப்புகளும் அந்த மாதம்தான் முடிகின்றன. லண்டனில் புகழ்பெற்ற நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ், 1660இல் தொடங்கி 1669இல், கண் போய்விடுமோ என்ற பயத்தில் நிறுத்திவிட்டார். பிள்ளை 25 ஆண்டு தொடர்ந்தார். நமக்குக் கிடைத்திருக்கும் பிரதிகளில் விடுபட்ட நாட்கள் நிறைய உண்டு. இது எழுத விரும்புகிறவர்களுக்கு நல்ல சேதி. நாலு நாள் விட்டுப்போனால் பழக்கம் செத்துவிடாது. ஐந்தாம் நாள் தேதி போட்டுத் தொடங்கினால் போதும்.

அவரைப் புனிதராக்க வேண்டாம். புகழ்ச்சியில் மயங்குகிறார், சகுனமும் ஜோசியமும் பார்க்கிறார், அவர் காலத்துச் சாதிப் பார்வை அப்படியே இருக்கிறது. ஆனால் அதையெல்லாம் அழிக்காமல் விட்டிருக்கிறார். அதனால்தான் அவரை நம்ப முடிகிறது.

அவர் காலத்தில் இது அச்சேறவில்லை. 1846 வாக்கில்தான் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி கையெழுத்துப் பிரதிகளைக் கண்டுபிடித்து நகல் எடுத்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வந்தது. அந்தக் குறிப்புகளின் உலகத்திலிருந்துதான் பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களை எழுதினார். வரலாற்றுக்கு இவ்வளவு கிடைத்தது. ஆனால் முதல் லாபம் எழுதியவருக்குத்தான்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், பிள்ளை மாதிரியே சாதாரணமாகத் தொடங்குங்கள். தேதி, கிழமை. இன்று யார் வந்தார், என்ன சொன்னார், நான் என்ன பதில் சொன்னேன், என்ன விலைக்கு என்ன வாங்கினேன். கடைசியில் ஒரே ஒரு வரி, மனசு எப்படி இருந்தது என்று. அழகாக எழுத வேண்டாம், யாரிடமும் காட்ட வேண்டாம். பத்து நிமிஷம் போதும். அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அது வெறும் பேரேடு.