மாவுருண்டையும் மரணதண்டனையும்

உணவில் நஞ்சு கலந்திருப்பின், ஐயம் முதலிற் சமைத்தவர்மீதே வீழ்வது உலக வழக்கம். 1815ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள், இலண்டன் சான்சரி லேன் வீதியிலிருந்த ஓர் இல்லத்தார், சமையற்காரி எலிசா பென்னிங் ஆக்கிய மாவுருண்டைகளை உண்டு நோயுற்றனர். அவளும் உண்டாள், அவளும் நோயால் வருந்தினாள். இறந்தோர் எவருமிலர்.

எனினும், எலிகளைக் கொல்ல வைத்திருந்த பாஷாணத்தை அவளே கலந்தாளென வழக்குத் தொடரப்பட்டது. உருண்டைகளை வெட்டிய கத்திகள் கறுத்தமையே நஞ்சுக்குச் சான்றென மருத்துவர் ஒருவர் உரைத்தார். பாஷாணமோ கத்தியைக் கறுக்கச் செய்வதில்லை. ஜூலை 26ஆம் நாள் எலிசா தூக்கிலிடப்பட்டாள்.

பாஷாணத்தை நுண்ணளவிலும் காட்டவல்ல மார்ஷ் சோதனை 1836இலேயே வெளிவந்தது. ஐயம் சான்றாகாது என்பதை இன்றும் உணர்த்துவது அவ்வேழைப் பெண்ணின் வரலாறு.