வாசர்மன் பரிசோதனை

மேகநோயை (சிபிலிஸ்) இரத்தத்தின் வாயிலாக நிர்ணயிக்கும் முறை. ஆகஸ்ட் வான் வாசர்மன், ஆல்பர்ட் நைசர், கார்ல் புருக் ஆகியோர் 1906-இல் ஜெர்மனியில் வெளியிட்டது. 56 பாகை வெப்பத்தில் சூடாக்கிய நோயாளியின் சீரத்தைக் கல்லீரற் சாற்றோடும், கினிப்பன்றிச் சீரத்திலுள்ள காம்ப்ளிமெண்ட் என்னும் பொருளோடும் கலந்துவைத்து, பின்னர்ச் செம்மறியாட்டின் சிவப்பணுக்களை அவற்றுக்குரிய எதிர்ப்பொருளுடன் சேர்த்தால், நோயற்றவர் குழாயில் அணுக்கள் உடைந்து திரவம் தெளிந்த செந்நிறம் பெறும்; நோயுற்றவர் குழாயிலோ, காம்ப்ளிமெண்ட் முன்னரே செலவாகிவிடுவதால், அணுக்கள் சிதையாமல் அடியிற் படியும். முதலில் நோயுடன் இறந்து பிறந்த சிசுவின் கல்லீரலே இதற்கு இன்றியமையாததெனக் கருதினர். ஆனால் பின்னர் ஆரோக்கியமான மாட்டின் இருதயச் சாறும் அவ்வாறே பயன்பட்டது பேராச்சரியம். கிருமியையன்றிக் கொழுப்புப் பொருளொன்றுக்கு எதிரான விளைவையே இது காட்டுவதால், மலேரியா, குஷ்டம் முதலியவற்றிலும் பொய்யாக நோய் காட்டக்கூடும். அக்கொழுப்பைக் கார்டியோலிப்பின் என 1941-இல் மேரி பாங்போர்ன் பிரித்தெடுத்தபின், அதைக்கொண்டு செய்யும் எளிய வி.டி.ஆர்.எல். சோதனை இதன் இடத்தைப் பெற்றது.