பெயரில்லாத பிரேதம்

மேரி ஷெல்லியின் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' நாவலைப் புதுமைப்பித்தன் 1940களில் 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்தார். 'காஞ்சனை'யைப் பேசுகிற அளவுக்கு நாம் இதைப் பேசுவதில்லை. எனக்கு அந்தத் தலைப்பே ஒரு விமர்சனமாகப் படுகிறது. பிரேதம் என்பது பிணம் மட்டுமல்ல. சடங்கு முடிந்து பிதிர்களோடு சேரும்வரை செத்தவர் தங்கும் இடைநிலைக்கும் அதுவே பெயர்.

1815இல் சும்பாவாத் தீவின் தம்போரா எரிமலை வெடித்ததில், மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமற் போயிற்று. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு ஒதுங்கிக் கிடந்தவர்களிடம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் பைரன். அப்போது 18 வயதுப் பெண் எழுதத் தொடங்கிய நாவல் 1818இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. வாசகனை இன்றும் இழுப்பது, பிணக்கூறுகளைச் சேர்த்து உயிரூட்டும் காட்சி அல்ல. ஷெல்லி அதைச் சுருக்கமாகவே சொல்லிப் போகிறார். கண் விழித்ததைக் கண்டு படைத்தவனே ஓடிவிடுகிறான். அது மில்டனை வாசிக்கிறது; தன் கதையைத் தானே சொல்கிறது; ஒரு துணை கேட்கிறது. கடைசிவரை அதற்குப் பெயரில்லை.

திருச்செந்தூருக்குத் தெற்கே தேரிக்காட்டு ஊர்களில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இந்தக் கதை அந்நியமல்ல. சுடலை மாடன் விளக்கின் சுடர்ப்பொறியில் உருவற்ற முண்டமாகப் பிறந்தவன். உருவும் உயிரும் பெற்றபின் சுடுகாட்டுப் பிணத்தைத் தின்றுவிட்டு வந்ததால் கயிலையில் அவனுக்கு இடமில்லை. ஆனால் சிவன் அவனை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பெயர் உண்டு, வரம் உண்டு, பூமியில் பீடமும் கொடையும் உண்டு.

1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் இவற்றைப் பேய் வழிபாடு என்று எழுதினார். திருநெல்வேலிச் சீமையில் ஓர் ஆங்கிலப் படை அதிகாரியின் ஆவிக்குச் சாராயமும் சுருட்டும் படைத்ததைப் பதிவு செய்தவரும் அவர்தான். அகாலமாகச் செத்தவன் அந்நியனே ஆனாலும், அவனுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்த ஜனங்கள் இவர்கள்.

ஷெல்லியின் நாவல் தருவது படையலில்லாத பயம். விக்டர் துணையைப் பாதி செய்துவிட்டுப் பிய்த்தெறிகிறான், கொடை மறுக்கப்படுகிறது. பிறகு நடப்பதெல்லாம் அதன் வட்டி. நம் மரபிலோ கொடையோடு பயம் தீர்ந்துவிடுகிறது. வாழ்வதற்கு அது நல்ல ஏற்பாடு, நாவலுக்கு அல்ல. 'காஞ்சனை'யின் கதைசொல்லி நம்பவும் முடியாமல், நம்பாதிருக்கவும் முடியாமல் நிற்கிறான். கதை முடிந்தும் அந்த நிலை தீர்வதில்லை. அதற்குப்பின் வந்த நம் பேய்க்கதைகளில் பெரும்பாலானவை மந்திரவாதியை வரவழைத்துக் கணக்கை முடித்துவிடுகின்றன. பழைய கொடைதான், பக்தி மட்டும் இல்லை. படைத்தவனே கைவிட்டதற்கு யார் கொடை கொடுப்பது என்ற கேள்வியைப் 'பிரேத மனிதன்' தமிழுக்குள் கொண்டுவந்தது. அதை நாம் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.